நம் பேச்சு யார் வீட்டுத் திண்ணையில் நடக்கிறது?

(சேலத்தில் நடந்த இளைஞர் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு நீங்கள் எப்படி வந்தீர்கள் என்று கேட்டால், அநேகமாக எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வீர்கள். வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. எனக்கும் அதில்தான் வந்தது. நாமக்கல்லில் லாரிக்கு லோடு பிடிப்பதும், பண்ணையில் முட்டை விலை கேட்பதும், பள்ளிபாளையத்தில் பாவு வந்துவிட்டதா என்று விசாரிப்பதும், ஊரில் சாவு விழுந்தால் சேதி சொல்வதும் அதில்தான். ஆகவே அந்தச் செயலியைப் பயன்படுத்துகிறவர்களைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. நான் மென்பொருள் நிபுணனும் இல்லை. குமாரபாளையத்தில் விசைத்தறிக் கூடத்தில் கணக்கு எழுதிப் பிழைத்தவன். இயக்க வேலைகளுக்காக இந்தத் தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் கற்றுக்கொள்ள வேண்டிய தேவை வந்தது. கற்றதைச் சொல்கிறேன்.

நம் மாவட்டங்களின் கதையிலிருந்தே தொடங்குகிறேன். 2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த 21 வயது பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் தன் தோழியுடன் பேசிக்கொண்டிருந்தபோது கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் அவர் உடல் கிடந்தது. அவர் தலித். அந்தப் பெண் ஆதிக்கச் சாதி. அவ்வளவுதான் காரணம். தற்கொலை என்று காட்டுவதற்காக அவரை மிரட்டிப் பேச வைத்து வீடியோ எடுத்திருந்தார்கள்.

அதன்பின் நடந்ததை உங்களில் பலர் பள்ளிப் பருவத்தில் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதன்மைக் குற்றவாளி யுவராஜ் தலைமறைவானார். தலைமறைவு என்பது பெயருக்குத்தான். மாதக்கணக்கில் வாட்ஸ்அப்பில் அவருடைய குரல்பதிவுகள் வந்துகொண்டே இருந்தன. தேநீர்க் கடையில், தறிக்கூடத்தில், கல்லூரி விடுதியில் அதை ஒலிக்க விட்டுக் கேட்டார்கள். காவல்துறைக்குச் சவால் விடும் குரல் அது. வழக்கை விசாரித்துக்கொண்டிருந்த திருச்செங்கோடு டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா அந்தச் செப்டம்பரில் இறந்துபோனார். அவரும் தலித். அக்டோபரில்தான் யுவராஜ் நாமக்கல்லில் சரணடைந்தார். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உட்பட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் யுவராஜின் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது.

அந்த மாதங்களில் நான் கவனித்தது ஒன்று உண்டு. சாதி வெறியர்கள் கைப்பேசியை எப்படிப் பயன்படுத்துவது என்று நமக்கு முன்பே கற்றுக்கொண்டுவிட்டார்கள். அவர்களுக்கு அது ஒலிபெருக்கி. நமக்கோ அது வேறொன்றுக்கும் தேவைப்படுகிறது. ஒளிந்துகொள்ள. பாதுகாப்பாக ஓர் இடம் சேர. இந்த வேறுபாட்டை நாம் யோசிக்கவே இல்லை. எல்லாவற்றையும் ஒரே குழுவில் போட்டோம்.

அதன் விலையை நாங்கள் ஒருமுறை கொடுக்கப் பார்த்தோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு இணையர் எங்களிடம் சுயமரியாதைத் திருமணத்துக்காக வந்தார்கள். பையன் அருந்ததியர். பெண் ஆதிக்கச் சாதிக் குடும்பம். ஊரையும் பெயரையும் சொல்லப் போவதில்லை. வண்டி, தங்குமிடம், வழக்கறிஞர் எல்லாவற்றையும் ஒருங்கிணைக்க ஒரு செயலியில் குழு வைத்திருந்தோம். நூற்றுக்கும் மேல் ஆட்கள். வசதிக்காக அந்தப் பையனையும் குழுவில் சேர்த்துவிட்டோம். இரவு பதினொரு மணிக்குப் பெண்ணின் சித்தப்பா அவன் எண்ணுக்கே அழைத்தார். குழுவில் இருந்த யாரோ ஒருவர் உறுப்பினர் பட்டியலை அப்படியே படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். அடுத்து வண்டி கொடுத்த தோழருக்கு அழைப்பு. அடுத்து தங்க வைத்த அக்காவுக்கு. விடியற்காலை இரண்டு மணிக்கு அவர்களை வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோனோம். இன்று இருவரும் நலம். குழந்தைக்கு மூன்று வயது.

அதன் பிறகு உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஒன்று புரிந்தது. அந்தக் குழுவில் பேசிய ஒரு சொல்கூட வெளியே போகவில்லை. வெளியே போனது எண்கள் மட்டும். எண்ணை வைத்தே பெயர், பெயரை வைத்தே ஊர், ஊரை வைத்தே தெரு. நம் நாட்டில் தெரு தெரிந்தால் சாதி தெரிந்துவிடும்.

செய்தி பூட்டப்பட்டிருக்கிறதா என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். வாட்ஸ்அப்பில் 2016 முதல் தனிப்பட்ட செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுகின்றன. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர நடுவில் யாரும் படிக்க முடியாது. இது நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் தபால் உறையை நினைத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் கடிதத்தை யாரும் பிரிக்கவில்லை. உறையின் மேல் யாரிடமிருந்து, யாருக்கு, எந்தத் தேதி என்பது எழுதியிருக்கிறதே? யார் யாரோடு, எத்தனை மணிக்கு, எத்தனை முறை பேசினார்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரியக்கூடிய தகவல். ஒரு போராட்டத்தையோ ஒரு காதலையோ கண்டுபிடிக்க அந்த உறையே போதும்.

நம் ஊர்த் திண்ணையை எடுத்துக்கொள்ளுங்கள். திண்ணைக்குச் சொந்தக்காரர் நீங்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்காமல் இருக்கலாம். ஆனால் யார் வந்தார், யாரோடு வந்தார், எப்போது எழுந்து போனார் என்பது அவருக்குத் தெரியும். பிடிக்காவிட்டால் எழுந்து போகச் சொல்ல முடியும். நாளைக்கு விதிமுறையை மாற்றவும் முடியும். 2014இல் ஃபேஸ்புக் நிறுவனம் வாட்ஸ்அப்பைச் சுமார் 1,900 கோடி டாலருக்கு வாங்கியது. 2021 ஜனவரியில் புதிய தனியுரிமைக் கொள்கை வந்தது. ஒப்புக்கொள், இல்லாவிட்டால் வெளியே போ என்கிற தொனியில் வந்தது. அதற்காக 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டா நிறுவனத்துக்கு 213 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அப்போது கோபப்பட்ட நாம் எல்லோரும் ஏன் வெளியேறவில்லை? வெளியேறினால் அம்மாவிடம் பேச முடியாது. சங்கத்தோடு பேச முடியாது. எல்லோரும் அந்த ஒரு திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இது இப்படித்தான் இருந்தாக வேண்டுமா? உங்களிடம் ஜியோ எண் இருக்கிறது, எனக்கு பி.எஸ்.என்.எல். நாம் பேசிக்கொள்ள முடியாதா? ஜிமெயிலில் இருந்து வேறு நிறுவன மின்னஞ்சலுக்கு அனுப்ப முடியாதா? முடிகிறது. ஏனென்றால் அவற்றுக்குப் பொது விதி இருக்கிறது. அரட்டைச் செய்திக்கும் அப்படி ஒரு பொது விதியை எப்போதோ உருவாக்கிவிட்டார்கள். 1999இல் ஜெரமி மில்லர் என்பவர் அறிவித்த ஜாபர் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டம், 2004இல் எக்ஸ்.எம்.பி.பி. என்ற பெயரில் இணையத்தின் திறந்த தரமாக ஏற்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் ஒரு சர்வர் வைக்கலாம். ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரோடு பேசலாம். முகவரியும் மின்னஞ்சல் முகவரி போலத்தான் இருக்கும், கைப்பேசி எண் தேவையில்லை.

பெரிய நிறுவனங்களுக்கு இது தெரியாமல் இல்லை. கூகுள் டாக் 2005இல் இந்தத் தரத்தின் மேல்தான் தொடங்கியது. பிறர் சர்வரோடும் பேசியது. ஆள் சேர்ந்த பிறகு 2013இல் ஹேங்அவுட்ஸ் என்று மாற்றிக் கதவைச் சாத்தத் தொடங்கினார்கள். ஃபேஸ்புக் அரட்டையும் சில ஆண்டுகள் இந்தத் தரத்துக்கு வாசல் திறந்து வைத்திருந்து 2015இல் மூடியது. வாட்ஸ்அப்பே இந்தத் தரத்தை எடுத்துத் தன் தேவைக்கு மாற்றிக் கட்டப்பட்டதுதான். பொதுக் கிணற்றில் இருந்து தண்ணீர் இறைத்துத் தொட்டி கட்டிவிட்டு, தொட்டிக்கு வேலி போட்டார்கள்.

2014இல் மேட்ரிக்ஸ் என்ற இன்னொரு திறந்த தரம் வந்தது. பிரான்ஸ் அரசு தன் ஊழியர்களுக்காக அதன் மேல் டிசாப் என்ற செயலியைக் கட்டியிருக்கிறது. ஜெர்மனி ராணுவமும் மேட்ரிக்ஸைத்தான் பயன்படுத்துகிறது. தங்கள் பேச்சு அடுத்தவன் திண்ணையில் நடக்கக் கூடாது என்று அரசுகளுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

நமக்குத் தெரியவில்லை என்று சொல்வதுகூடத் தவறு. நம் முன்னோடிகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று ‘மூக்நாயக்’ தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தை வெளியிட மறுத்தது திலகரின் ‘கேசரி’. அடுத்தவன் பத்திரிகையில் நமக்கு இடம் எப்போதும் அவன் தயவில்தான். பள்ளிபாளையத்தில் இருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் ஈரோடு. அங்கிருந்துதான் 1925இல் பெரியாரின் ‘குடி அரசு’ வந்தது. 1933இல் அரசு நெருக்கியபோது ‘குடி அரசு’ நின்றது, ‘புரட்சி’ வந்தது. அதையும் நெருக்கியபோது ‘பகுத்தறிவு’ வந்தது. அச்சகம் தம் கையில் இருந்ததால் பெயரை மாற்றிக்கொண்டு வர முடிந்தது.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். அச்சகம் சொந்தம், ஆனால் தபால் பொது. ‘குடி அரசு’ அலுவலகத்தில் அச்சான இதழை, எந்த ஊரிலும் எந்தத் தபால்காரரும் கொண்டுபோய்க் கொடுத்தார். பரவலாக்கப்பட்ட செய்திப் பரிமாற்றம் என்று இன்று சொல்வது இதைத்தான். சர்வர் நம்முடையது. விதி எல்லோருக்கும் பொது. தனித் தீவாக ஒதுங்குவதும் இல்லை, ஒரே முதலாளியிடம் அடங்குவதும் இல்லை.

அப்படியானால் நம் தமிழ்நாட்டு ‘அரட்டை’ இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஜோஹோ நிறுவனத்தின் செயலி, தமிழ்ப் பெயர். 2025 செப்டம்பரில் திடீரென்று லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். அந்தச் சமயத்தில் அதில் அழைப்புகளுக்குத்தான் மறையாக்கம் இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. மறையாக்கம் மேம்படலாம். பிற செயலிகளோடு பேசும்படி தரத்தைத் திறப்போம் என்று ஸ்ரீதர் வேம்புவும் சொன்னார். செய்தால் மகிழ்ச்சி, வரவேற்போம். ஆனால் ஒரு முதலாளி கலிஃபோர்னியாவில் இருக்கிறாரா, தென்காசியில் இருக்கிறாரா என்பது முதல் கேள்வி இல்லை. அவர் மனம் மாறினால் நாம் எழுந்து வேறிடம் போய், அங்கிருந்தும் இங்கே இருப்பவர்களோடு பேச முடியுமா என்பதுதான் கேள்வி. சுதேசி என்ற சொல்லை மட்டும் கேட்டு மயங்கினால் என்ன ஆகும் என்று நம் இயக்கத்தின் வரலாறு நமக்குச் சொல்லியிருக்கிறது.

இப்போது கடினமான கேள்விக்கு வருகிறேன். போன வாரம் ஒரு தம்பி கேட்டார். “அண்ணே, பரவலாக்கம் பரவலாக்கம் என்கிறீர்கள். கிராமத்துக்கு அதிகாரம் கொடுக்க வேண்டும் என்று சொன்னவர்களிடம் அம்பேத்கர் என்ன சொன்னார்? அதிகாரம் ஊருக்குப் போனால் ஊரில் இருக்கும் ஆதிக்கச் சாதியிடம்தானே போகும்? நாளைக்குச் சாதிச் சங்கமும் ஒரு சர்வர் வைக்குமே. அதை மூடச் சொல்லி யாரிடம் புகார் கொடுப்பது?”

நியாயமான கேள்வி. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைக் குறுகிய புத்தியின் கூடாரமாகத்தான் பார்த்தார். நானும் கிராமத்தில் வளர்ந்தவன், எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கிராமத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. கிராமத்தில் பிறந்துவிட்டால் அங்கேதான் வாழ வேண்டும் என்பதுதான் அதன் கொடுமை. தெருவும் அவன் முடிவு, கிணறும் அவன் முடிவு, வெளியேற வழியில்லை. திறந்த தரத்தில் சர்வரை விட்டு வெளியேறலாம். வெளியேறிய பின்னும் உறவுகளோடு பேசலாம். சாதி வெறி பரப்பும் சர்வரை மற்ற சர்வர்கள் துண்டிக்கலாம், அது தனியே கத்திக்கொண்டிருக்கும்.

புகார் கொடுப்பது பற்றி. 2015இல் ஒரே நிறுவனத்தின் செயலியில்தானே அந்தக் குரல்பதிவுகள் வந்தன? நிறுவனம் தடுத்ததா? இப்போது செய்திகளைப் பூட்டிய பிறகு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத நிறுவனத்தால் எப்படித் தடுக்க முடியும்? சட்டம் இருக்கிறது, எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எந்தச் சர்வருக்கும் பொருந்தும். அதைச் செயல்படுத்துவது அரசின் கடமை.

சிலர் அடுத்த படிக்குப் போகிறார்கள். பூட்டை உடைத்தால் குற்றவாளிகளைப் பிடிக்கலாமே என்கிறார்கள். சமூக ஊடகக் கணக்கோடு ஆதாரை இணைக்கக் கோரி 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறியும் வசதி வேண்டும் என்று 2021இல் ஒன்றிய அரசு விதியே கொண்டுவந்தது. கோகுல்ராஜ் வழக்கை வைத்தே பதில் சொல்கிறேன். அந்தக் குரல் யாருடையது என்று ஊருக்கே தெரியும், முதலில் அனுப்பியவரைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. அப்படியும் மாதக்கணக்கில் பிடிக்கவில்லை. கடைசியில் வழக்கை நிறுத்தியது கோயில் சிசிடிவி பதிவும், விடாமல் நின்ற தாயும், உழைத்த வழக்கறிஞர்களும்தான். 2023 ஜனவரியில் நீதிபதிகளே அந்த மலைக்கோயிலுக்கு நேரில் வந்து பார்த்தார்கள். குறை மறையாக்கத்தில் இல்லை. பூட்டை உடைத்தால் முதலில் திறக்கப்படும் பெட்டி, நள்ளிரவில் வண்டி கேட்கும் இணையரின் பெட்டியாகத்தான் இருக்கும்.

இதன் குறைகளையும் மறைக்கப் போவதில்லை. 2018 மே மாதம் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடத்திப் பலரைக் கொன்ற மறுநாள், மூன்று மாவட்டங்களில் இணையத்தையே நிறுத்தினார்கள். இணையம் இல்லாவிட்டால் எந்தச் சர்வரும் உதவாது. பிரையர் போன்ற செயலிகள் மட்டும் அருகருகே இருக்கும் கைப்பேசிகளை ப்ளூடூத் வழியாக இணைக்கும். ஆனால் 2023 மே மாதம் ஒன்றிய அரசு தடை செய்த 14 செயலிகளில் பிரையரும் ஒன்று, மேட்ரிக்ஸுக்கான எலிமென்ட் செயலியும் ஒன்று. காஷ்மீரைக் காரணம் காட்டினார்கள். எலிமென்ட்டைத் தடுத்தாலும் மேட்ரிக்ஸில் பேச வேறு செயலிகள் இருக்கின்றன, திறந்த தரத்தின் பலம் அதுதான். 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை, சிம் கார்டு கைப்பேசியில் இருந்தால்தான் செய்திச் செயலி இயங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. எண்ணோடு ஆளைக் கட்டிப்போடும் போக்கு கூடிக்கொண்டே போகிறது.

எங்கள் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேர் சேர்ந்து, மாதம் ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டு ஒரு சிறிய எக்ஸ்.எம்.பி.பி. சர்வர் நடத்துகிறோம். புரோசடி என்ற கட்டற்ற மென்பொருள். ஆண்ட்ராய்டில் கான்வர்சேஷன்ஸ், ஐபோனில் மோனல், கணினியில் டினோ என்று செயலிகள். ஒருமுறை டொமைன் பெயரைப் புதுப்பிக்க மறந்து இரண்டு நாள் முடங்கியது. திட்டு வாங்கினோம். பணம் கட்டும் தேதியைச் சுவரில் எழுதி வைத்தோம். இன்னொரு பாடமும் கற்றோம். சர்வர் நடத்துகிறவருக்கும் உறையின் மேல் இருப்பது தெரியும். ஆகவே அட்மின் யார், அவரைக் கேள்வி கேட்பது யார் என்பதை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். எங்களில் இருவரிடம் சாவி இருக்கிறது. ஒருவர் பெண். அவர் விதித்த முதல் நிபந்தனை, யாருடைய கைப்பேசி எண்ணையும் கேட்கக் கூடாது.

நீங்களே எல்லாம் கட்ட வேண்டியதில்லை. இந்தியக் கட்டற்ற மென்பொருள் சமூகம் போடரி என்ற பெயரில் மேட்ரிக்ஸ், எக்ஸ்.எம்.பி.பி. சேவைகளை நன்கொடையில் நடத்தி வந்திருக்கிறது. அந்தத் தோழர்கள் பிராவ் என்ற செயலியைப் பயனர்களே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவுச் சங்கமாக நடத்த முயல்கிறார்கள். பால் சொசைட்டியும் நெசவாளர் சொசைட்டியும் பார்த்த நமக்கு இது புதிதா? சொசைட்டியை யார் பிடித்துவைத்துக்கொள்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும். அதனால்தான் உள்ளே போய் உட்கார வேண்டும் என்கிறேன்.

கடைசியாக, வேலைக்கு வருவோம். வாட்ஸ்அப்பை நாளைக்கே அழித்துவிடாதீர்கள். கூட்ட அறிவிப்பும் துண்டறிக்கையும் அதில் போகட்டும், அது ஒலிபெருக்கி. ஆனால் உயிருக்கு ஆபத்துள்ள பேச்சை அதிலிருந்து பிரியுங்கள். உதவி கேட்டு வரும் இணையரை எந்தப் பெரிய குழுவிலும் சேர்க்காதீர்கள். தெரிய வேண்டிய ஐந்து பேருக்கு மட்டும் தெரியட்டும். இன்றே மாற வேண்டும் என்றால் சிக்னலுக்கு மாறுங்கள். அது ஒரே சர்வரில் நடப்பதுதான், சேர எண்ணும் கேட்கும். ஆனால் இலாப நோக்கமில்லாத அமைப்பு நடத்துவது. 2024 முதல் எண்ணை மறைத்துப் பயனர் பெயரில் பேசலாம். அதற்குள் ஊருக்கு நான்கு பேர் சேர்ந்து திறந்த தரத்தில் ஒரு சர்வர் நடத்தக் கற்றுக்கொள்ளுங்கள். எந்தப் பூட்டும் படம்பிடித்து அனுப்பும் கையைத் தடுக்காது. ஆட்களைத் தெரிந்து சேர்ப்பது எப்போதும் நம் வேலைதான்.

1944 ஆகஸ்டில் இதே சேலத்தில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது. அந்தத் தலைமுறை அச்சுக் கோக்கவும், காகிதம் வாங்கவும், சந்தா சேர்க்கவும், ரயிலில் கட்டு ஏற்றவும் கற்றுக்கொண்டது. யாரும் பிறக்கும்போதே அச்சுக் கோக்கத் தெரிந்து பிறக்கவில்லை. நமக்கு இந்த வேலை வாய்த்திருக்கிறது.

பின்வரிசையில் மடிக்கணினியோடு இரண்டு தோழர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கணக்குத் தொடங்க ஐந்து நிமிடம் ஆகும். பெயர் நீங்கள் விரும்பியதை வைத்துக்கொள்ளலாம். எண் கேட்க மாட்டார்கள். ஊர் கேட்க மாட்டார்கள்.